எட்டுப் புள்ளிக்குள் நான்கு பேர்

பரணில் இருக்கும் டப்பாவை எடுக்கக் கையை மேலே நீட்டுகிறோம். தோள் உயர்கிறது, முழங்கை நிமிர்கிறது, மணிக்கட்டு சற்றுப் பின்னால் சாய்கிறது, விரல்கள் டப்பாவைப் பற்றுகின்றன. நமக்கு இது ஒரே வேலை. தண்டுவடத்துக்கு நான்கு வேலை. கழுத்துப் பகுதித் தண்டுவடத்தின் ஐந்தாவது மட்டத்திலிருந்து தோளைத் தூக்கவும் முழங்கையை மடக்கவும் உத்தரவு போகிறது. ஆறாவது மணிக்கட்டை நிமிர்த்துகிறது. ஏழாவது முழங்கையை நீட்டுகிறது. எட்டாவது விரல்களை மடக்கிப் பிடிக்க வைக்கிறது. (கொஞ்சம் எளிமைப்படுத்தித்தான் சொல்கிறேன். ஒரே தசைக்கு இரண்டு மூன்று மட்டங்களிலிருந்து நரம்பு வருவதுண்டு.)

மாடியிலிருந்து விழுந்தோ, வண்டி மோதியோ, ஆழம் தெரியாத தண்ணீரில் தலைகீழாகக் குதித்தோ கழுத்தெலும்பு முறிந்து தண்டுவடம் நசுங்கினால், அந்த இடத்துக்குக் கீழே மூளையின் பேச்சு போய்ச் சேராது. ஐந்தாவது மட்டம் பிழைத்திருந்தால் கையை வாய்க்குக் கொண்டுபோகலாம். தட்டிலிருக்கும் சோற்றை அள்ள விரல் மடங்காது. ஆறாவதும் பிழைத்திருந்தால் மணிக்கட்டு துணைக்கு வரும். ஏழாவதும் பிழைத்திருந்தால் கையை ஊன்றி உடம்பைத் தூக்கி, கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறலாம். மருத்துவர்கள் இந்த நிலையை டெட்ராப்ளீஜியா என்கிறார்கள். ஆங்கிலப் பேச்சுவழக்கில் ‘குவாட்’. “கை கால் நாலும் போச்சு” என்று ஊரில் ஒரே வரியில் முடித்துவிடுகிறோமே, அந்த வரிக்குள் இத்தனை படிகள் இருக்கின்றன. ஒரு படி ஏறினால் ஊட்டிவிட ஆள் வேண்டாம். இன்னொரு படி ஏறினால் தூக்கிவிட ஆள் வேண்டாம்.

இந்தப் படிகளை அப்படியே விதிப்புத்தகமாக மாற்றிக்கொண்ட விளையாட்டுதான் சக்கர நாற்காலி ரக்பி.

சக்கர நாற்காலியில் கூடைப்பந்து அதற்கு முன்பே இருந்தது. இங்கிலாந்தின் ஸ்டோக் மேண்டெவில் மருத்துவமனையில் லுட்விக் குட்மன் என்ற மருத்துவர், தண்டுவடம் அடிபட்ட போர்வீரர்களுக்கு விளையாட்டையே மருந்தாகக் கொடுத்தார். 1948-இல் 16 பேர் கலந்துகொண்ட வில்வித்தைப் போட்டியில் தொடங்கியது, 1960-இல் ரோம் நகரில் பாராலிம்பிக்காக வளர்ந்தது. ரோமிலேயே சக்கர நாற்காலிக் கூடைப்பந்தும் இடம்பெற்றது. ஆனால் அந்த ஆட்டம் கால் மட்டும் போனவர்களுக்குத்தான் தோதானது. வளையம் 3.05 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. நிற்பவருக்கும் அதே உயரம், உட்கார்ந்திருப்பவருக்கும் அதே உயரம். பந்து ஏறக்குறைய 600 கிராம். ஏழாவது மட்டம் போனவர் அந்தப் பந்தை அந்த உயரத்துக்கு எப்படி எறிவார்? முழங்கை நிமிராதே. கூடைப்பந்திலும் வீரர்களுக்குப் புள்ளிக் கணக்கு உண்டு. ஆனாலும் கை பலவீனமானவர்கள் அணியில் பெயரளவுக்கு இருந்தார்கள். பெரும்பாலும் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்கள். ஊனமுற்றவர்களுக்கான ஆட்டத்திலேயே ஓரங்கட்டப்பட்ட ஒரு கூட்டம்.

1976-77 வாக்கில் கனடாவின் வினிபெக் நகரில் அந்தக் கூட்டத்தைச் சேர்ந்த ஐந்து பேர் தங்களுக்கென்று ஓர் ஆட்டத்தை உருவாக்கினார்கள். ஜெர்ரி டெர்வின், டங்கன் கேம்பெல், ராண்டி டூயெக், பால் லெஜூன், கிறிஸ் சார்ஜென்ட் என்பவர்கள் அவர்கள். ஐந்து பேருமே டெட்ராப்ளீஜியா உள்ளவர்கள். அவர்கள் உருவாக்கியதை இன்று பார்த்தால், கூடைப்பந்து தங்களை வெளியே தள்ளிய ஒவ்வொரு இடத்தையும் தேடிப்போய் மாற்றியதுபோல் இருக்கிறது. மேலே இருந்த இலக்கு தரைக்கு வந்தது: களத்தின் கடைசிக் கோட்டில் இரண்டு கூம்புகள், இடையே 8 மீட்டர். கனமான பந்துக்குப் பதில் 280 கிராம் எடையுள்ள, கைப்பந்து போன்ற உருண்டைப் பந்து. விரல் மடங்காவிட்டாலும் உள்ளங்கைகளுக்கு நடுவே அழுத்திப் பிடிக்கலாம், மடியில் வைத்துக்கொண்டு ஓட்டலாம். எறிய வேண்டும் என்ற கட்டாயமே இல்லை. பந்து உங்களிடம் இருக்கும்போது நாற்காலியின் இரண்டு சக்கரங்கள் கோட்டைத் தாண்டினால் ஒரு கோல்.

பெயரும் அவர்கள் வைத்ததுதான்: மர்டர்பால். கொலைப்பந்து. நாற்காலியும் நாற்காலியும் மோதிக்கொள்வதைப் பார்த்தால் பெயர் பொருந்தத்தான் செய்கிறது. 1979-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா மாநிலத்தில் ஆடிக் காட்டினார்கள். 1981-இல் வட டக்கோட்டாப் பல்கலைக்கழகத்தில் முதல் அமெரிக்க அணி உருவானது. அங்கே ‘குவாட் ரக்பி’ என்று பெயர் மாறியது. உலகளவில் ‘சக்கர நாற்காலி ரக்பி’ நிலைத்தது. கொலைப்பந்து என்ற பெயரில் போட்டி நடத்தப் பணம் கேட்டால் எந்த நிறுவனம் கொடுக்கும்? உண்மையில் ரக்பிக்கும் இதற்கும் உறவு தூரம்தான். முட்டை வடிவப் பந்து இல்லை, புல்தரை இல்லை. 28 மீட்டர் நீளமும் 15 மீட்டர் அகலமும் உள்ள கூடைப்பந்துக் களம்தான் இதற்கும் களம்.

ஒரே ஒரு தாக்குதலைக் கூடவே போய்ப் பார்ப்போம். பக்கத்துக்கு நான்கு பேர். எதிரணி கோல் போட்டவுடன் பந்து நம்முடையது. கோட்டுக்கு வெளியிலிருந்து ஒருவர் 10 விநாடிக்குள் அதை உள்ளே போட வேண்டும். உள்ளே வந்தபின் 12 விநாடிக்குள் நடுக்கோட்டைத் தாண்ட வேண்டும். தாண்டியபின் பந்தோடு திரும்பி வரக்கூடாது. மொத்தம் 40 விநாடிக்குள் கோல் போட்டாக வேண்டும். பந்து வைத்திருப்பவர் 10 விநாடிக்கு ஒரு தடவையாவது அதைத் தரையில் தட்ட வேண்டும், அல்லது இன்னொருவருக்குக் கொடுக்க வேண்டும். கபடியில் ஏறிப் போனவரின் மூச்சுக் கணக்கு மாதிரி, இங்கே எல்லாவற்றுக்கும் விநாடிக் கணக்கு.

கோல் கோட்டுக்கு முன்னால் 8 மீட்டர் அகலமும் 1.75 மீட்டர் ஆழமும் உள்ள ஒரு கட்டம் வரைந்திருக்கும். தடுப்பவர்களில் மூன்று பேர் மட்டுமே அதற்குள் நிற்கலாம். நான்கு பேரும் நின்றால் நாற்காலிகளே சுவராகிவிடும், ஆட்டம் செத்துவிடும். தாக்குபவர் அந்தக் கட்டத்துக்குள் 10 விநாடிக்கு மேல் தங்கக்கூடாது. தவறு செய்தவர் ஐஸ் ஹாக்கியில் உள்ளதுபோல் தண்டனைப் பெட்டியில் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். அதற்குள் எதிரணி கோல் போட்டுவிட்டால் திரும்பி வரலாம். எட்டு நிமிடங்கள் கொண்ட நான்கு பகுதிகள். கடிகாரம் நின்று நின்று ஓடுவதால் ஓர் ஆட்டம் முடிய ஒரு மணி நேரத்துக்கு மேலாகும்.

நாற்காலியால் நாற்காலியை எவ்வளவு பலமாகவும் முட்டலாம். ஆனால் ஆள்மீது கை படக்கூடாது. பின்சக்கரத்தின் அச்சுக்குப் பின்னால் முட்டி எதிராளியைச் சுழலவைப்பதும் குற்றம். கழுத்து முறிந்தவர்கள் இப்படி மோதலாமா என்று கேட்கத் தோன்றும். முறிந்த எலும்பு அறுவை சிகிச்சையில் இணைந்து ஆறியிருக்கும். ஆறாதது உள்ளே இருக்கும் தண்டுவடம்தான். அதோடு இடுப்பு, தொடை, பாதம் என்று எல்லாவற்றையும் பட்டை போட்டு நாற்காலியோடு கட்டியிருப்பார்கள். கவிழ்ந்தால் நாற்காலியோடு கவிழ்வார்கள். உதவியாளர்கள் ஓடிவந்து தூக்கி நிறுத்துவார்கள், ஆட்டம் தொடரும்.

இதுவரை சொன்னது ஓசை. இந்த ஆட்டத்தின் மூளை வேறோர் இடத்தில் இருக்கிறது.

ஒவ்வொரு வீரருக்கும் அவர் உடம்பில் எவ்வளவு வேலை செய்கிறது என்பதை வைத்து ஒரு புள்ளி தருகிறார்கள். மிகக் குறைவாக வேலை செய்பவருக்கு 0.5, அதிகமாக வேலை செய்பவருக்கு 3.5, அரை அரையாக மொத்தம் ஏழு வகுப்புகள். பரிசோதகர்கள் முதலில் கட்டிலில் படுக்கவைத்து, உட்காரவைத்து ஒவ்வொரு தசையையும் தள்ளிப் பார்க்கிறார்கள். தோள், முழங்கை, மணிக்கட்டு, விரல், இடுப்புக்கு மேலான உடம்பு என்று வரிசையாக. பிறகு களத்தில் ஆடும்போதும் கவனிக்கிறார்கள். நோயின் பெயர் அங்கே முக்கியமில்லை. கழுத்துக் காயம், போலியோ, தசைச் சிதைவு, கை கால் இரண்டிலும் உறுப்பிழப்பு என்று எதுவாகவும் இருக்கலாம். கையும் காலும் பாதிக்கப்பட்டிருக்க வேண்டும் என்பதுதான் நிபந்தனை.

விதி இவ்வளவுதான்: களத்தில் உள்ள நான்கு பேரின் புள்ளிகளைக் கூட்டினால் 8-ஐத் தாண்டக்கூடாது.

ஒரு பயிற்சியாளராக உட்கார்ந்து கணக்குப் போட்டுப் பாருங்கள். உங்களிடம் மின்னல் வேகத்தில் ஓட்டும் 3.5 புள்ளிக்காரர்கள் இரண்டு பேர் இருக்கிறார்கள். இரண்டு பேரையும் இறக்கினால் 7 போய்விட்டது. மிச்சம் 1 புள்ளி, ஆனால் இரண்டு இடம். ஆகவே இரண்டு அரைப் புள்ளிக்காரர்கள் வந்தாக வேண்டும். நாலும் இரண்டு இரண்டாக, சமமாக ஓர் அணி அமைக்கலாம். 3.5, 2, 1.5, 1 என்று படிக்கட்டாகவும் அமைக்கலாம். எப்படிக் கூட்டினாலும் வலுவான ஒருவரை இறக்க வேண்டுமென்றால் அவருக்கு ஈடாகப் பலவீனமான ஒருவரை இறக்கித்தான் தீர வேண்டும். கூடைப்பந்தில் பெஞ்சில் இருந்தவர்கள் இங்கே இல்லாமல் முடியாது. இதில் கருணை, சலுகை எதுவும் கிடையாது. வெறும் கூட்டல் கணக்கு.

அரைப் புள்ளிக்காரர் களத்தில் என்ன செய்வார்? பந்தைத் துரத்திப் பிடிக்கமாட்டார், வேகமும் குறைவு. அவருடைய நாற்காலியே வேறு மாதிரி இருக்கும். முன்னால் ஒரு கம்பிக் கூடு நீட்டிக்கொண்டிருக்கும். வேகமான ஆட்டக்காரர்களின் நாற்காலி குட்டையானது. முன்பக்கம் உருண்டையாக, கூட்டில் மாட்டாமல் வழுக்கிக்கொண்டு போகும்படி இரண்டு பக்கமும் இறக்கை போன்ற தகடுகள். ஒன்று மாட்டிவிடுவதற்கு, மற்றது தப்புவதற்கு. அரைப் புள்ளிக்காரர் ஒரு விநாடி முன்னாலேயே யோசித்து, எதிரணியின் 3.5 போக நினைக்கும் வழியில் போய் நிற்கிறார். கூட்டை அவருடைய சக்கரத்தில் கொடுத்து மாட்டுகிறார். அவ்வளவுதான், களத்திலேயே வேகமான ஆள் அசைய முடியாமல் நிற்கிறார்.

ஆடு புலி ஆட்டம் ஆடியவர்களுக்கு இது உடனே புரியும். புலி தாவும், வெட்டும். ஆட்டுக்கு அந்தத் திறமை எதுவும் இல்லை. ஆனால் சரியான முடிச்சில் உட்கார்ந்த ஆடு புலியைக் கட்டிப்போட்டுவிடும். வித்தியாசம், இங்கே இரண்டு பக்கமும் புலியும் உண்டு, ஆடும் உண்டு.

பெண்களும் ஆண்களும் ஒரே அணியில் ஆடலாம் என்பது இன்னொரு சிறப்பு. களத்தில் இறங்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் அணிக்குக் கூடுதலாக அரைப் புள்ளி அனுமதி. ஒரு பெண் இருந்தால் 8.5 வரை போகலாம். பிரிட்டன் அணியின் கைலீ கிரைம்ஸ் அரைப் புள்ளிக்காரர். அவரை இறக்கினால் அரைப் புள்ளி செலவு, அரைப் புள்ளி வரவு. மீதி மூன்று பேருக்கு முழுசாக 8 புள்ளி கையில் இருக்கிறது! டோக்கியோ பாராலிம்பிக்கில் பிரிட்டன் தங்கம் வென்றபோது அவரும் அந்த அணியில் இருந்தார். இந்த விளையாட்டில் பாராலிம்பிக் தங்கம் வென்ற முதல் பெண் அவர்தான்.

இந்தக் கணக்கின்மீது முணுமுணுப்பு இல்லாமல் இல்லை. கழுத்து முறிந்தவர்கள் தங்களுக்காக உருவாக்கிய ஆட்டத்தில் இன்று பெயர் வாங்குபவர்களில் பலர் வேறு காரணங்களால் வந்தவர்கள். ஆஸ்திரேலியாவின் ரைலி பேட் பிறவியிலேயே கால்கள் இல்லாதவர், விரல்களிலும் குறை. ஜப்பானின் இகேசாகி டைசுகேக்கு நரம்பும் தசையும் மெல்லத் தேயும் நோய். அமெரிக்காவின் சக் ஆயோக்கிக்குக் கைகளிலும் கால்களிலும் தொடுவுணர்வைப் பறித்த மரபணுக் கோளாறு. இவர்களுக்கு இடுப்புக்கு மேல் வலு உண்டு. வேகம் இவர்கள் பக்கம். முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது என்றாலும் நான் கணக்கின் பக்கம்தான் நிற்பேன். ரைலி பேட் எவ்வளவு வேகமாக ஓட்டினாலும், அவர் பக்கத்தில் குறைந்த புள்ளிக்காரர்களை உட்காரவைக்க அந்த வேகமே ஆஸ்திரேலியாவைக் கட்டாயப்படுத்துகிறது.

தொலைக்காட்சியில் பார்த்தால் கண்ணில் படும் ஒரு சின்ன விஷயம்: ஆட்டம் நின்றவுடன் உதவியாளர்கள் தண்ணீர்த் தெளிப்பானோடு ஓடிவந்து வீரர்களின் முகத்திலும் கழுத்திலும் பீய்ச்சுவார்கள். விடாய் தீர்க்க அல்ல. கழுத்தில் தண்டுவடம் அறுபட்டவருக்குக் காயத்துக்குக் கீழே வியர்க்காது. வியர்வைக்கான உத்தரவும் அதே தண்டுவடம் வழியாகத்தான் போக வேண்டும். உடம்பு கொதிக்கும், ஆனால் தன்னைத்தானே ஆற்றிக்கொள்ளத் தெரியாது. அந்தத் தெளிப்பான்தான் அவர்களுக்கு வியர்வை.

இதயமும் அப்படியே. இதயத்தை விரட்டி ஓடவைக்கும் நரம்புகள் நெஞ்சுப் பகுதித் தண்டுவடத்திலிருந்து கிளம்புகின்றன. அதற்கு மேலே, கழுத்தில் பாதை துண்டாகிவிட்டால், எவ்வளவு மூச்சு வாங்க ஆடினாலும் இதயத் துடிப்பு பலருக்கு நிமிடத்துக்கு 130-ஐத் தாண்டாது. ஓட்டக்காரர் ஒருவருக்கு 180, 190 வரை போகும் துடிப்பு. இன்ஜினில் பாதி கழற்றிவைத்துவிட்டு மேடேறுவதுபோல.

இந்த இடத்தில்தான் ஒரு குறுக்குவழியும் பிறந்தது. காயத்துக்குக் கீழே உடம்பில் எங்காவது வலியோ அழுத்தமோ ஏற்பட்டால் அந்த ஆளுக்குத் தெரியாது. ஆனால் துண்டான தண்டுவடத்துக்குத் தெரியும். அது பதறிப்போய் ரத்தக் குழாய்களைச் சுருக்கும். ரத்த அழுத்தம் திடீரென்று எகிறும். மருத்துவமனையில் இது அவசர நிலை. மூளையில் ரத்தக் கசிவு வரை போகலாம். ஆனால் களத்தில் எகிறிய அந்த அழுத்தம் கொஞ்ச நேரம் கூடுதல் வலுவைக் கொடுக்கிறது. அதனால் வேண்டுமென்றே சிறுநீர்ப்பையை நிரம்பவிடுவது, பட்டைகளை அளவுக்கு மீறி இறுக்குவது, உணர்ச்சியில்லாத உறுப்பைக் காயப்படுத்திக்கொள்வது என்று சிலர் இறங்கினார்கள். ‘பூஸ்டிங்’ என்று பெயர். சர்வதேச பாராலிம்பிக் குழு இதைத் தடை செய்திருக்கிறது. ஊசியும் இல்லை, மாத்திரையும் இல்லை, தன் உடம்பையே மருந்தாக்கும் மோசடி. வெற்றி என்று வந்துவிட்டால் மனிதர்கள் எல்லா இடத்திலும் ஒரே மாதிரிதான்.

நாற்காலியைப் பற்றி இன்னும் இரண்டு வார்த்தை. ஆளின் இடுப்பளவுக்கே அளவெடுத்துச் செய்வார்கள். விலை பல லட்சம் ரூபாய். மேல்பக்கம் உள்ளே சாய்ந்து, கீழ்ப்பக்கம் அகன்ற சக்கரங்கள், சட்டென்று திரும்புவதற்கும் கவிழாமல் இருப்பதற்கும். கம்பிகளை மூடித் தகடு. விரல் மடங்காதவர்கள் சக்கரத்தைப் பிடித்து உருட்ட முடியாது; பிசின் தடவிய கையுறையின் உள்ளங்கையால் அழுத்தித் தள்ளுவார்கள். டயர் வெடிப்பது சாதாரணம். அதனால் அணியோடு ஒரு மெக்கானிக்கும் போவார்.

1995-இல் சுவிட்சர்லாந்தின் நாட்வில் என்ற ஊரில் முதல் உலக சாம்பியன்ஷிப் நடந்தது. 1996 அட்லாண்டாவில் காட்சிப் போட்டி, 2000 சிட்னியில் பதக்கப் போட்டி. சிட்னியில் அமெரிக்கா ஆஸ்திரேலியாவை 32-31 என்று வென்றது. 2004-இல் ஏதென்ஸில் நியூசிலாந்து, 2008-இல் பெய்ஜிங்கில் மறுபடி அமெரிக்கா, 2012-இல் லண்டனில் ஆஸ்திரேலியா. 2016 ரியோ இறுதிப் போட்டியில் ஆஸ்திரேலியாவும் அமெரிக்காவும் இரண்டு தடவை கூடுதல் நேரம் ஆடி, 59-58 என்று ஆஸ்திரேலியா ஒரு கோலில் ஜெயித்தது. டோக்கியோவில் பிரிட்டன் 54-49. அதற்கு முன் எந்த ஐரோப்பிய நாடும் இதில் பதக்கமே பார்த்ததில்லை. ரியோவிலும் டோக்கியோவிலும் வெண்கலத்தோடு நின்ற ஜப்பான், 2024 பாரிஸில், ஈபிள் கோபுரத்துக்கு அருகே உள்ள அரங்கில் அமெரிக்காவை 48-41 என்று வென்று தங்கம் வாங்கியது. பந்து கையில் வந்தால் பெரும்பாலும் கோல் விழுந்துவிடும் என்பதால்தான் எண்கள் இவ்வளவு பெரிதாகவும் வித்தியாசம் இவ்வளவு சிறிதாகவும் இருக்கின்றன. யார் அதிக கோல் போட்டார்கள் என்பதைவிட, யார் இரண்டு மூன்று தடவை பந்தைப் பறிகொடுத்தார்கள் என்பதே முடிவைச் சொல்லும்.

2005-இல் ‘மர்டர்பால்’ என்றே ஓர் ஆவணப்படம் வந்தது. அமெரிக்க, கனடா அணிகளின் பகையைப் பின்தொடர்ந்து ஏதென்ஸ் வரை போகும் படம். ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டு, பென்குயின்களைப் பற்றிய படத்திடம் தோற்றது. மார்க் ஜூபன் என்ற ஆட்டக்காரர் அதன் நாயகன். குடிப்பார், திட்டுவார், சண்டைக்கு வருவார். யாரும் தன்னைப் பார்த்து ‘ஐயோ பாவம்’ சொல்ல விடமாட்டார். அந்தப் படம் இந்த ஆட்டத்துக்குப் பெரிய உதவி செய்தது. ஒரு சின்னக் குறையும் செய்தது: மோதல்தான் ஆட்டம் என்ற எண்ணத்தைப் பார்த்தவர்கள் மனத்தில் பதித்துவிட்டது.

அடுத்த பாராலிம்பிக் 2028-இல் லாஸ் ஏஞ்சல்ஸில். அதுவரை காத்திருக்க வேண்டாம். ரியோ, டோக்கியோ, பாரிஸ் இறுதிப் போட்டிகளை இணையத்தில் தேடிப் பார்க்கலாம். முதல் எட்டு நிமிடம் பந்தையே பாருங்கள், பழக்கமாகட்டும். இரண்டாவது எட்டு நிமிடத்தில் பந்தை விட்டுவிட்டு, கூடு வைத்த நாற்காலியில் மெதுவாக உருண்டு போகும் ஒருவரை மட்டும் கண்ணால் பிடித்துக்கொள்ளுங்கள். அவர் யாரை மாட்டினார், அந்த நேரத்தில் கோல் எந்தப் பக்கம் விழுந்தது என்று எண்ணிக்கொண்டே வாருங்கள். கோல் பட்டியலில் அவர் பெயருக்கு நேரே பல ஆட்டங்களில் பூஜ்யம்தான் இருக்கும்.